லொறி போகும்வரை நிற்பது

என் சண்டைக்கார ஸ்டெல்லா அக்காவுக்கு,

2008 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. கடந்த ஒரு மணி நேரத்தில் அலுவிகாரையில் நம் வீட்டு வாசலைக் கடந்த லொறிகள் நாற்பத்தொன்று. பஸ்களைச் சேர்க்கவில்லை. தம்புள்ளைப் பக்கமிருந்து மரக்கறியோடு வந்தவை இருபத்தாறு, வெறுமையாகத் திரும்பியவை பதினைந்து.

"எண்ணி என்னடா செய்யப் போறே, மீட்டர்?" என்று கேட்பாய். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த வருடம் நீ வைத்த பெயர் அது. இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. ஆனால் இந்த முறை எண்ணியதற்குக் காரணம் இருக்கிறது. நீ ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லாமலே போய்விட்டாய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மே மாதம்வரை எடுத்தது.

முதலில் செய்தி. ஜனவரியில் டெங்குக் காய்ச்சல் உன்னை ஆறே நாளில் கொண்டுபோன பிறகு, உன் ஞாயிறு வகுப்புக்கு இரண்டே பேர்தான் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் டவுனில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் சாந்தியும், மிளகு வியாபாரியின் மகன் ரிஸ்வானும். இருவரும் உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள்; பரீட்சை அடுத்த வருடம். வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் மோட்டாருக்குக் கொயில் சுற்றுகிறவன், அக்கா. தண்ணீர்ப் பம்பியைக் கழற்றச் சொன்னால் கழற்றுவேன்.

"மிஸ் இல்லன்னு தெரியும் சேர்," என்றாள் சாந்தி. "வேற எங்க போறதுன்னுதான் தெரியல."

அவளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவளுடைய பள்ளியில் அந்தப் பாடத்தை எடுத்தவள் அவள் ஒருத்திதான். அங்கே அதற்கு ஆசிரியர் கிடையாது; உன்னை நம்பித்தான் அதிபர் அனுமதி கொடுத்திருந்தார். நீ போனதும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆள் இல்லாத பாடத்துல ஒன்ன விட ஏலாது மகள். ஆங்கில தினத்துல மேடையில ஏறி ஆறு நிமிஷம் ஒன் பாட நாவலப் பத்திப் பேசு. நிக்க முடிஞ்சா பாடம் இருக்கும். இல்லாட்டி புவியியலுக்கு மாறிக்க."

மனிதர் சொன்னதில் தப்புக் காண முடியவில்லை. நானாக இருந்தால் அந்த ஆறு நிமிடத்தையும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆங்கில தினம் ஜூன் 6. எங்கள் கையில் பதினாறு ஞாயிறு.

முதல் ஞாயிறே உன் வகுப்பைத் திருத்தத் தொடங்கினேன். பெரிய ரோட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படிப் பாடம் நடத்தினாள்? லொறி போனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மேசையைப் பின் அறைக்கு மாற்றினேன். கதவை இழுத்துச் சாத்தினேன்.

"கதவ சாத்தாதடா," என்றாள் அம்மா. "அவ சாத்தவே மாட்டா."

"அவளுக்கு என்ன, காது கேக்கலியா?"

"ஒனக்குத்தான் கேக்கல."

அடுத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு பல்பு பூட்டிய ஒரு பலகை செய்தேன். ஆறாவது நிமிடத்தில் அலற ஒரு பஸர். கட்டுரைக்கு ஒரு சட்டகம்: முன்னுரை நான்கு வரி, காரணம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள், முடிவுரை மூன்று வரி. சாந்தியின் பேச்சையும் அதே சட்டகத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். நாவலைப் படித்தாயா என்று கேட்காதே. சுருக்கம் படித்தேன்.

அந்த நாவலில் ஒரு இடம் உனக்குத் தெரியும். விசாரிக்க வந்தவர் கேள்வி கேட்கிறார். அந்தப் பெண் உடனே பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் நிற்கிறாள் என்பதுதான் பேச்சு. நான் எழுதினேன்: காரணம் ஒன்று, பயம். இரண்டு, குற்ற உணர்ச்சி. மூன்று, தனிமை. வேலை முடிந்தது.

சாந்தி ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆறு நிமிடப் பேச்சை மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்தாள். என் மஞ்சள் பல்பு எரியவே இல்லை.

"ஏன் இப்பிடி ஓடுறே? யாராச்சும் தொரத்துறாங்களா?"

"பழகிப்போச்சு சேர். ஆமிக்காரங்க பஸ்ஸ நிப்பாட்டி ஐடி கேக்கும்போது பேரு, தோட்டம், எங்க போற, எல்லாம் டக்டக்னு வரணும். யோசிச்சா சந்தேகப்படுவாங்க. அண்ணன் அப்பிடித்தான் கொஞ்சம் யோசிச்சிச்சு. புடிச்சிட்டுப் போயி மூணு நாள் வெச்சிருந்தாங்க."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் பிந்தியதைச் சொல்வது மாதிரி. நான் அதைக் காதில் வாங்கினேனா? இல்லை. இன்னும் இரண்டு பந்தி எழுதிச் சேர்த்தால் நேரம் சரியாகும் என்று பதில் சொன்னேன்.

இதற்கு நடுவில், நீ எப்படித்தான் திருத்தினாய் என்று பார்க்க உன் அலுமாரியிலிருந்த மாணவர்களின் பழைய கட்டுரைகளை எடுத்தேன். முப்பத்து நான்கு. சிவப்பு மையைத் தேடினேன், இல்லை. ஆனால் வரிகளுக்கு நடுவில், ஒரு ஒழுங்கும் இல்லாமல், பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. சில இடத்தில் வட்டம் விழுந்த வசனம் முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. சில இடத்தில் அப்படியே இருந்தது.

இது என்ன குறி? இலக்கணப் பிழையா என்று பார்த்தேன். பிழையில்லாத வரியிலும் வட்டம். நல்ல வசனமா என்று பார்த்தேன். மட்டமான வசனத்திலும் வட்டம். ஒரு பக்கத்தில் ஏழு, அடுத்த பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. வில்கமுவவுக்குப் பம்பி திருத்தப் போன அன்று, திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு மணி நேரமும் கிராஃப் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடும் விழவில்லை. உன் மேல் கோபம்தான் வந்தது. விளக்கம் எழுதி வைக்காமல் யாராவது குறியீடு பாவிப்பார்களா?

மே மாதம் ஒரு ஞாயிறு கரண்ட் போனது. பின் அறை இருட்டு. என் பல்புப் பலகை செத்துக் கிடந்தது. ரிஸ்வானுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"சேர் எலக்ட்ரீஷியன், சேர்ட வீட்டுல கரண்ட் இல்ல. வாப்பாக்கிட்ட சொன்னா ஒரு கிழமைக்குச் சிரிப்பாரு."

"வாய மூடிட்டு மேசையப் புடி."

முன் அறைக்கு வந்தோம். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்தேன். சாந்தி எழுந்து பேசத் தொடங்கினாள். இரண்டாவது காரணத்துக்கு வரும்போது ஒரு லொறி. நிறுத்தினாள். லொறி போனது. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. திரும்பவும் முன்னுரையிலிருந்து தொடங்கினாள். இன்னொரு லொறி. திரும்பவும் முன்னுரை. இப்படி நான்கு முறை.

"விட்ட எடத்துலேருந்து பேசேன்!" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "விட்ட எடம் தெரியல சேர். இது நான் யோசிச்சது இல்லையே. மிஸ் இருந்தா டயர் போட்டு முழுசா வெட்டச் சொல்லியிருப்பாங்க."

"என்ன டயர்?"

ரிஸ்வான் மேசையில் கிடந்த பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தான். "இதுதான் சேர், லொறி டயர். மிஸ் போட்டதில்ல, நாங்க போட்டது. எழுதினத வாசல்ல நின்டு சத்தமா வாசிக்கணும். லொறி வந்தா நிப்பாட்டிட்டு அந்த எடத்துல ஒரு டயர். லொறி போனதும் தாளப் பார்க்காம அங்கேருந்து சொல்லணும். சொல்ல ஏலுமா, அது ஒங்கட வசனம். ஏலாதா, எங்கேயோ பார்த்து எழுதினது. வெட்டு."

"சேருக்குத் தெரியாதா?" என்றாள் சாந்தி. "கிராஃப் எல்லாம் போட்டீங்களே. நாங்க ஏதோ பெரிய ஆராய்ச்சின்னு நெனச்சோம்."

நூற்றுப் பன்னிரண்டு லொறி, அக்கா. நான் அதற்கு கிராஃப் போட்டேன். அன்றைக்குச் சிரித்தேன், நீ போன பிறகு முதல் தடவை. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இதை நீ எங்கே பிடித்தாய்? வேறு இடம் கிடைக்காததால் இந்தச் சத்தத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டாயா? அல்லது சாந்தி உன் வகுப்பில் முதல் நாள் பேசி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தா? மனப்பாடம் என்பது தொடராகக் கட்டிய பல்புகள் மாதிரி. நடுவில் ஒன்று போனால் எல்லாம் போகும், முதலிலிருந்து பார்த்து வர வேண்டும். சொந்தமாக யோசித்தது அப்படி அணையாது. இதை என் பாஷையில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேனா? நான் கேட்டதில்லை என்பாய். சரிதான், கேட்டதில்லை.

நான் எழுதிக் கொடுத்ததைக் கிழிக்கச் சொன்னேன். "இப்ப நீ சொல்லு. அந்தப் பொண்ணு ஏன் ஜன்னலப் பார்த்துட்டு நிக்கிறா?"

சாந்தி யோசித்தாள். மூன்று லொறி போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"அவ யோசிக்கிறா சேர்," என்றாள் கடைசியில். "பயமும் இல்ல, குத்தமும் இல்ல. கேட்டவொடனே பதில் சொல்லணும்னு யாரு சட்டம் போட்டா? அவளுக்கு நேரம் வேணும். எடுத்துக்கிறா."

பேச்சு அதுதான். அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் ஞாயிறுதோறும் வாசலில் நின்றதுதான்.

நேற்று முன்தினம் ஆங்கில தினம். ரிஸ்வானும் நானும் மண்டபத்தின் பின்னால் நின்றோம். என் கையில் ஸ்டொப் வொட்ச், பழக்கம் விடவில்லை. சாந்தி மேடை ஏறினாள். மூன்றாவது நிமிடம், பேச்சு அந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்த நேரம், கூரைக்கு மேல் ஹெலிகொப்டர். வடக்கே சண்டைக்குப் போகிறவை. தகரம் அதிர்ந்தது. பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், அதிபரும் பார்த்தார்.

அவள் நிறுத்தினாள். அவசரமாக முடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மண்டபத்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். ஒன்று போனது, பின்னாலேயே இன்னொன்று வந்தது. நாற்பத்தேழு விநாடி. சத்தம் அடங்கியதும், பாதியில் விட்ட வசனத்தின் அடுத்த சொல்லைச் சொன்னாள். நாவலில் நிற்கிற அந்தப் பெண்ணை நான் அப்போதுதான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முடிந்ததும் அதிபர் தமிழில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஹெலி போகும்போது என்ன செஞ்சே, மகள்?"

"அடுத்தது என்ன சொல்றதுன்னு யோசிச்சேன் சேர்."

"பாடம் இருக்கட்டும்," என்றார்.

வெளியே வரும்போது ரிஸ்வான் கேட்டான்: "ஹெலிக்கு எத்தின டயர் போடுறது, சேர்?" மிஸ்ஸிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் ஃபாதர் என்னைப் பேசச் சொன்னார். நான் தாளில் எழுதி வைத்திருந்தேன்: பிறப்பு, படிப்பு, சேவை, நன்றி. கடகடவென்று வாசித்தேன். நடுவில் ஏனோ தலையைத் தூக்கினேன், தாளில் இல்லாத ஒரு வசனம் வந்தது: "எங்க அக்கா ஒரு நாளும்..." அவ்வளவுதான். நன்றிக்குத் தாவி உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் நாற்பது விநாடி. திடமான பொடியன் என்று ஆட்கள் சொன்னார்கள்.

நானும்தான் ஓடியிருக்கிறேன், அக்கா. என்னிடம் யாரும் அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை.

அதனால்தான் இன்றைக்குக் கதிரையை வாசலில் போட்டு எண்ணினேன். சராசரியாக எண்பத்தெட்டு விநாடிக்கு ஒரு லொறி. அப்படியானால் ஆறு நிமிடப் பேச்சில் நான்கு தடவை நிற்க வேண்டி வரும். நான்கு தடவை நிற்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி நான் செய்யப் போவதை எழுதித் தருகிறேன். உறுதிமொழி என்றே வைத்துக்கொள்.

1. பஸரைக் கழற்றிப் போடுவேன். பச்சைப் பல்பை அம்மா குசினிக்குக் கேட்கிறாள், கொடுப்பேன்.

2. நாவலை முழுவதும் படிப்பேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் நிற்கிறேன். அந்தப் பெண் கடைசியில் என்ன பதில் சொன்னாள் என்பது சுருக்கத்தில் இல்லை; சாந்தியும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

3. அவர்கள் எழுதியதில் எனக்கு விளங்காததைக் கேட்பேன். கேட்டால், பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டேன். மூன்று லொறிவரை தாங்குவேன், அதற்கு மேல் பழகிப் பார்க்க வேண்டும்.

4. கதவு திறந்தே இருக்கும்.

5. ஜனவரியில் உன் ஆண்டுப் பூசையில் ஆறு நிமிடம் பேசுவேன், தாள் இல்லாமல். பிறப்பிலிருந்து தொடங்க மாட்டேன். "எங்க அக்கா ஒரு நாளும்" என்பதற்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவேன்.

வாசலில் உட்கார்ந்தபடி,
உன் தம்பி மீட்டர்