நிலாவுக்குச் சோறு கிடையாது

ஜன. 11, ஞாயிறு
பனி. எதிர்வீடே தெரியவில்லை. வெண்ணெய் கல்லாகக் கிடந்தது, தராசில் வைக்கச் சுரண்ட வேண்டியிருந்தது.

நிலாவுக்குக் காலையில் முட்டை, வெண்ணெய், கொஞ்சம் பாலக் கீரை. தட்டில் ஒட்டிய எண்ணெயையும் வழித்து ஊட்ட வேண்டும், மிஞ்சினால் அளவு கெட்டுவிடுமாம். கதை சொல்லி, கெஞ்சி, அதட்டி, கடைசி வாய் உள்ளே போவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. நாலு வயசுப் பிள்ளை வாயை இறுக்கினால் அப்படி ஒரு இறுக்கு.

சாத்தூரிலிருந்து மதினி போன். “வெறும் கொழுப்பாக் குடுத்துப் பிள்ளய என்ன செய்யப்போற? ஒரு வாய் சோறு கூடவா ஆகாது?” மூணு மருந்து மாத்தியும் நிற்காத வலிப்பு இந்தச் சாப்பாட்டில் நின்றிருக்கிறது, கார்த்திகைக்கு அப்புறம் ஒன்றுகூட வரவில்லை என்றேன். “என்னமோ போ” என்றார். நானும் என்னமோ போ என்றுதான் இருக்கிறேன்.

அடுத்த திங்கள் பெங்களூர். அதுவரை வலிப்பு வராமல் இருந்தால் ஒரு மருந்தைக் குறைப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த மருந்துதான் பிள்ளையைப் பாதி நாள் தூங்குமூஞ்சியாக வைத்திருக்கிறது. அது குறைந்தால் போதும் சாமி, வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் சாப்பிட்டது வழக்கம்போல பாத்ரூமில். ஒற்றை அறை வீட்டில் அவள் கண்ணில் படாமல் வேறு எங்கே போவது? புளிச்சோறு. குழாயைத் திறந்துவிட்டால் மெல்லுகிற சத்தம் வெளியே கேட்காது.

ஜன. 13, செவ்வாய்
நிலாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. இருமல். செல்வம் ஷிப்ட் முடிந்து வரும்போது மெடிக்கலில் சளி சிரப் வாங்கி வந்தார். ஊற்றினேன். சப்புக்கொட்டினாள்! “இன்னும் கொஞ்சம்மா.” அவள் ஒன்றை இப்படி ஆசையாகக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. சிரித்துவிட்டேன்.

காலிஃபிளவர் வாங்க வேண்டும். பக்கத்துத் தளி ஊர்ப் பூ மலிவாக வருகிறது. துருவி வேகவைத்து அதைத்தான் ‘சோறு’ என்று ஊட்டுகிறேன். அவளும் சோறு என்றுதான் சொல்கிறாள். நம்புகிறாளா தெரியாது.

ஜன. 14, போகி
செல்வத்தோடு சண்டை.

“பொங்கப் பானை வைக்காத வீடாடி இது?”

“வைங்க. வச்சு, அவ முன்னால யாரு உக்காந்து திங்கிறது?”

பைக்கைத் துடைக்கப் போய்விட்டார். கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுசன். பண்டிகைக்கு ஒரு வாய் இனிப்புப் பொங்கல் கேட்டது தப்பா? இல்லைதான். எனக்கும் ஆசைதான்.

முடிவு: பால் மட்டும் பொங்கவிடுவது.

ஜன. 15, பொங்கல்
பால் பொங்கியது. நிலா கை தட்டினாள். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

வீட்டுக்கார ஜயம்மா ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தனுப்பினார். நெய் மிதந்தது. சாயந்திரம் கிண்ணத்தோடு பாத்ரூமுக்குள் போனேன். அந்த நேரம் பார்த்து அவர் மகள் ரக்ஷிதா, பட்டுப்பாவாடையும் தட்டுமாக. கன்னடக்காரர்கள் சங்கராந்திக்கு எள், வெல்லம், தேங்காய் கலந்து, சர்க்கரை அச்சு பொம்மையும் சேர்த்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் போய்விட்டாள். பொட்டலம் வாசலில். நிலா கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி அது?”

“ஒண்ணுமில்ல.”

பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. எடுத்துப் பரண்மேல் வைத்தேன். கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜன. 16, வெள்ளி
வந்துவிட்டது. காலையில், பல் விளக்கும்போது. கண் மேலே சொருகி, கை வெட்டி வெட்டி. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். செல்வம் பைக் சாவியை அவள் கையில் திணித்தார். அதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதுதான். நானும் பிடுங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நின்றது. அப்புறம் தூக்கம். மூத்திரத்தில் சோதனை ஸ்டிரிப்பை நனைத்துப் பார்த்தால், கருஞ்சிவப்பாக மாற வேண்டியது வெளிறிக் கிடக்கிறது. இனிப்பு உள்ளே போயிருக்கிறது.

நேரே ஜயம்மா வீட்டுக்குப் போனேன். ரக்ஷிதா அழுதாள். “கிளி பொம்ம மட்டும்தான் ஆன்ட்டி குடுத்தேன். அவளே கேட்டா.”

“அய்யோ பாப, கொழந்த கேட்டா எப்படிம்மா இல்லன்றது?” என்றார் ஜயம்மா.

“உங்க பாவமும் வேணாம், பண்டிகையும் வேணாம். எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க.” தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எத்தனை மாதமாக ஒவ்வொரு பருக்கையாக நிறுத்தேன். எல்லாம் ஒரு சர்க்கரைக் கிளியில் போச்சு.

ஜன. 17, சனி
உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. துணி ஊறியபடியே கிடக்கிறது.

டயட்டீஷியன் மேடத்துக்குப் போன். கிளி கதையைச் சொன்னேன். “வேற எதாவது? மருந்து?” சளிக்கு சிரப், செவ்வாயிலிருந்து, என்றேன். சிரப் பேரைக் கேட்டார். பிறகு, “அது முழுக்க சர்க்கரைம்மா. மாத்திரைதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தேனே.”

சொன்னார்தான். பெருங்காயத்தில் மாவு இருக்கும் என்று அதைக்கூட நிறுத்தியவள் நான். மருந்து சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று தோன்றவேயில்லை. மருந்து மருந்துதானே?

சளியாலேயும் வந்திருக்கலாம், மனசைப் போட்டு வருத்திக்காதீங்க என்றார். போனை வைத்துவிட்டுக் கிளியும் ஒரு காரணம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு நிம்மதி. சீ.

ஜயம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஜன. 18, ஞாயிறு
நாளைக்குப் பெங்களூர். மருந்தைக் குறைக்க மாட்டார்கள். கூட்டாமல் இருந்தால் சரி.

பை அடுக்கினேன். ஸ்வெட்டர், ரிப்போர்ட், வழியில் கொடுக்க பனீர். நிலாவின் பொம்மை டப்பாவில் கர்ச்சீப் முடிச்சு ஒன்று. அவிழ்த்தால் சர்க்கரைக் கிளி. முழுசாக. மூக்குகூடக் கரையவில்லை.

“நீ திங்கலையாடி?”

“நான் தின்னக்கூடாதுல்ல. உனக்குத்தான் கேட்டு வாங்குனேன்.”

“எனக்கா?”

“நீ பாத்ரூம்லதானே சாப்புடுவ. அங்க நாறும்மா. இத இங்கயே தின்னு. நான் பாக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கண்ணையும் பொத்திக்கொண்டாள்.

தின்றேன். கடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. முதலில் ஜயம்மா வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும், என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“முடிஞ்சிருச்சாம்மா?”

இன்னும் பாதி இருந்தது.