அப்பாவின் பழைய போனும் உன் பொறுமையும்

உன் கேபிள் என் மேசையில் கிடக்கிறது. முனையில் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு இன்னும் அழியவில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் வேறு, தகவலைக் கொண்டுபோகிற கேபிள் வேறு, பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று சொல்லி, நல்லதாகத் தேறியதற்கெல்லாம் உன் மனைவியின் நகப்பூச்சைத் திருடிப் பொட்டு வைப்பாய். வேலைக்குப் போகிற ரயிலில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். உனக்கு மட்டும் அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறதென்று புரியாது.

கேபிளைப் பார்த்ததும் உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது. பேசுவதென்ன, சண்டை போடவேண்டும் போலிருந்தது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் போன மாதம் நடந்ததைக் கேள்.

அப்பாவின் போன் உனக்கு நன்றாகத் தெரியும். திரைக்குக் கீழே அழுத்துகிற பட்டன் உள்ள பழைய போன். வருஷக்கணக்காகச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மெஷினைப் பிடித்து மரத்துப்போன விரல்கள் அவருக்கு. இப்போது கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. ஆனால் அந்தப் பட்டனைக் கட்டைவிரல் தேடிப் பிடித்துவிடும். அழுத்தினால் போன் பேசும். அது பேசுவதைக் கேட்டுக்கேட்டு அவர் வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார்.

அவர் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் நீ செய்து கொடுத்தது. தங்கவயலில் அவரோடு சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மிச்சமிருப்பவர்களையெல்லாம் சேர்த்து நீ ஒரு குரூப் தொடங்கினாய். யாருக்கும் டைப் அடிக்கத் தெரியாது என்பதால் எல்லாம் குரல்தான். ஷிப்ட் முடிந்து, ஆள் ஏற்றி இறக்குகிற கூண்டு மேலே வந்ததும் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லிவிட்டு வெளியேறுகிற பழக்கம் அவர்களுக்கு இன்னும் விடவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் பெயரைச் சொல்லி, "மேல வந்துட்டேன்" என்று ஒரு மெசேஜ் போடுவார்கள். ஒருவர் தொடர்ந்து போடாவிட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். சிலர் படுக்கையிலேயே போய்விட்டதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

போன மாதம் ஒருநாள் அந்தக் குரூப் இருக்கிற செயலி, இந்தப் போனில் இனி வேலை செய்யாது என்று அறிவித்துவிட்டது. போன் பழசு, அதற்கான மென்பொருளை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. மறுநாளே புதுப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் பட்டனே இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்த அதை அப்பா தடவித் தடவிப் பார்த்தார். எங்கே தொட்டாலும் அது ஏதோ ஒன்றைத் திறந்தது. போலீசுக்குக்கூட ஒரு தடவை போன் போய்விட்டது.

"இது இன்னாடா, புடிக்கறதுக்கு ஒரு எடம் இல்ல" என்று என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் போனிலிருந்து பேசுங்கள் என்றேன். "உன் போன்லேர்ந்து சொன்னா அது உன் கணக்குல போவும். என் கணக்கு இன்னாவறது?" என்றார்.

அதன்பிறகு நான் வேலைக்குக் கிளம்புகிறவரை அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தங்கவயலிலிருந்து மாணிக்கம் மாமா சாதாரணப் போனில் கூப்பிட்டு, "இன்னாடா, கீழயே குந்திக்கினியா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரில் இந்த ஈஜிபுரா வீட்டில் பகல் முழுக்க அவர் தனி. அந்தக் குரல்கள் மட்டும்தான் துணை. அதுவும் போய்விட்டால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சுருங்கிவிடுவார் என்று நிஜமாகவே பயந்தேன்.

கடை கடையாக ஏறி இறங்கினேன். "தூக்கிப் போடுண்ணா" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போனில் இருக்கிற பழைய மென்பொருளை எடுத்துவிட்டு, வெளியே ஆர்வலர்கள் செய்து வைத்திருக்கிற புதுசை ஏற்றலாம். அது நீ செய்கிற வேலை. நீ இல்லை. இருந்தது நான் மட்டும். லிஃப்ட் வருகிறவரை நிற்கப் பொறுமையில்லாமல் மாடிப்படி ஏறுகிற நான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நினைவில் ஓடிக்கொண்டிருந்தது ரயிலில் நடந்த அந்தத் திங்கட்கிழமைதான். அப்போது நாங்களும் தங்கவயலில் இருந்தோம். நீயும் நானும் தினமும் பெங்களூருக்குப் போய்வந்தோம். இதே போனுக்கு நீ முதன்முதலாகப் புது மென்பொருள் ஏற்றிய சமயம். ரயிலில் தொடமாட்டேன் என்பது உன் சட்டம். "ஆடற வண்டில எவனாவது ஆபரேசன் பண்ணுவானா?" என்பாய். ஆனால் அந்த ஞாயிறு ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. லேப்டாப் செத்துக் கிடந்தது. வேலை பாதியில் நின்றுபோனது. திங்கட்கிழமை எங்கேயோ கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து ரயிலிலேயே மடியில் வைத்துத் திறந்தாய்.

"உன் சட்டம் இன்னாச்சு?" என்றேன்.

"இன்னிக்குப் பெரிப்பா பேர் சொல்லல. நாளைக்கும் சொல்லலன்னா கதவத் தட்ட ஆள் வந்துரும்" என்றாய். என் அப்பாவை நீ பெரிப்பா என்றுதான் கூப்பிடுவாய்.

பங்காரப்பேட்டை வந்தது. கூட்டம் ஏறியது. ஒரு அம்மா பையோடு வந்து நின்று, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிணா" என்று கன்னடத்தில் இடம் கேட்டாள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் கொடுத்தே வளர்ந்த ஜனம் நாம். அந்தச் சொல் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமல் இடுப்பு நகர்ந்துவிடும். நான் நகர்ந்தேன், நீயும் நகர்ந்தாய். கேபிள் கழன்றுகொண்டது. போன் பாதி எழுதியபடி கறுத்துப்போனது.

உன் முகத்தை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த அம்மாவை நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனின் முதுகைத் திறந்து பேட்டரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாய். நான் நொடிக்கொரு தரம் "என்னாச்சு, என்னாச்சு" என்று பிடுங்கினேன்.

"சும்மா இரு. கொஞ்சம் ஆறட்டும்."

மாலூர் தாண்டியது. பேட்டரியைப் போட்டு மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாய். ஒன்றுமில்லை. மறுபடி கழற்றினாய், மறுபடி காத்திருந்தாய். அடுத்த தடவை திரையில் மங்கலாக ஒரு வெளிச்சம் வந்தது. "உசுரு கீது" என்றாய். உடனே லேப்டாப்பை மூடிவிட்டாய். மீதியை ஆபீசில், ஆடாத மேசையில் வைத்து முடித்தாய். மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் பெயர் சொன்னார். ரயிலில் நடந்தது அவருக்குத் தெரியாது.

சரி, போன மாதத்து ஞாயிற்றுக்கு வருகிறேன். காலையிலேயே சாப்பிட்டுவிட்டு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நீ செய்கிற வரிசையிலேயே செய்தேன். போன்புக்கில் இருந்த எண்களையெல்லாம் லேப்டாப்பில் நகல் எடுத்தேன். பழைய மென்பொருள் முழுவதற்கும் ஒரு நகல். பேங்க் சமாச்சாரம் ஏதாவது இருந்தால் அந்தப் போனில் கை வைக்கவே மாட்டேன் என்பாய். அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. லேப்டாப்புக்கும் போனுக்கும் முழுச் சார்ஜ். எங்கள் தெருக் கரண்டை நம்பி நீ ஒரு பல்புகூடப் போடமாட்டாய்.

பேட்டரியை எடுத்து அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை வாய்விட்டுப் படித்தேன். ஒரே பெயரில், ஒரே அச்சில் பல நாட்டுக்குப் பல போன்கள் விற்றிருக்கிறார்கள். கடைசி எழுத்து மட்டும் மாறின மென்பொருளை ஏற்றினாலும் போன் கல்லாகி, திரும்ப எழாது என்று நீ பயமுறுத்தி வைத்திருந்தாய். நான் படித்ததை அப்பா அப்படியே திருப்பிச் சொன்னார்.

"நீங்க எதுக்குப்பா சொல்றீங்க?"

"கீழ மணி அடிச்சா மேல இருக்கறவன் திருப்பி அடிக்கணும். இல்லன்னா கூண்டு நவுராது. நீ படி."

சலிப்போடு, நான் இறக்கி வைத்திருந்த கோப்பின் பெயரையும் படித்தேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"கடைசி எழுத்து வேறயா இருக்குதே" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வேறாகத்தான் இருந்தது. அவசரத்தில் பக்கத்து வரியில் இருந்ததை இறக்கியிருக்கிறேன். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் அவருடைய போனை என் கையாலேயே கொன்றிருப்பேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சரியான கோப்பை இறக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பினார். கடைசி எழுத்துக்குப் பிறகுதான், "ம், நவுத்து" என்றார்.

ஏற்றும்போதே கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். லேப்டாப் அசரவில்லை. திரையில் கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. போன் தானாக அணைந்து எழுந்தது. புதிய சின்னம் ஒன்று வந்து சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் தடவை எழுந்திருக்கும்போது ரொம்ப நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் பொறுமையிழந்து அணைத்துவிட்டுத்தான் பாதிப் பேர் போனைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று நீ ரயிலில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய். தெரிந்து என்ன பிரயோஜனம்? என் விரல் தானாகப் பவர் பட்டனுக்குப் போனது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சிரிக்காதே. நிஜமாகவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாச்சு?" என்றார் அப்பா.

"சும்மா இருப்பா. கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். அந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

திரை திறந்தது. பளிச்சென்று இருந்தது. அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் பட்டனைக் கண்டுபிடித்து அழுத்தியது. போன் பேசவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஊமையாயிடுச்சாடா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே செய்கிற மென்பொருளில் படித்துக்காட்டுகிற குரல் தானாக வராது, தனியாகச் சேர்க்கவேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. கண் தெரிகிறவனுக்குத் தேவையானதையெல்லாம் ஏற்றிவிட்டு, அவருக்குத் தேவையான ஒன்றை விட்டிருக்கிறேன். தேடி எடுத்து ஏற்றினேன். முதலில் இங்கிலீஷில் ஏதோ கத்தியது. பிறகு தமிழுக்கு மாற்றினேன். "முகப்புத் திரை" என்றது போன்.

"அட, பொம்பளக் கொரலு மாறிப்போச்சே" என்றார் அப்பா. அவர் கன்னம் நனைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

செயலியை ஏற்றி, எண்ணை உறுதிசெய்து, குரூப்பைத் திறந்து கொடுத்தேன். பட்டப்பகல். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லி, "மேல வந்துட்டேன்" என்றார்.

போனை விரித்த கையில் வைத்துக்கொண்டு காதைச் சாய்த்தார். பிறகு மாணிக்கம் மாமா: "இன்னாடா, நைட் ஷிப்டா? இந்நேரத்துக்கு வர்ற?" பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள், இருமினார்கள், திட்டினார்கள். வீடு நிறைந்துவிட்டது. யாரோ ஒருவர் கேட்டார்: "யாரு சரி பண்ணது? அந்தப் பையன்தான் இல்லியே."

அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, "எம் பையன்" என்றார்.

"அப்படின்னா எங்குளுதும் நின்னு கெடக்குது. பாக்கச் சொல்லு."

"குடுத்தனுப்பு. ஞாயித்துக்கெழம வூட்லதான் இருப்பான்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நகல் எடுக்காமல் யார் போனையும் தொடமாட்டாய். சின்னதாக ஒரு எழுத்து மாறினால் பயப்படுவாய். ஆனால் உனக்கு நெஞ்சு பிடித்தபோதெல்லாம், ரயிலில் கேட்டவர்களிடம் வாயு என்று சொல்லிச் சோடா குடித்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போடா என்று போனில் கத்தினேன். "இந்த ஞாயிறு நாலு பேர் போனு கீது மச்சி, அடுத்த ஞாயிறு போறேன்" என்றாய். அடுத்த ஞாயிறு நாங்கள் உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஊரார் போனுக்கெல்லாம் பார்த்த பார்வையில் கொஞ்சம் உனக்குப் பார்த்திருக்கக் கூடாதா? எனக்கு ஆறவில்லை. உன் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் அதிகமாகிறது.

தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய கிழட்டுப் போன்கள் என் முன்னால் வரிசையாக இருக்கின்றன. விரிசல் விட்டவை, ரப்பர் பேண்ட் போட்டவை. ஒவ்வொன்றையும் திறக்கும்போது உன்னை வாய்விட்டுத் திட்டுகிறேன். முட்டாள் என்கிறேன், இன்னும் மோசமாகவும் சொல்கிறேன். உள்ளேயிருந்து அப்பா, "யார்கிட்டடா பேசற?" என்கிறார். நான் அடுத்த போனின் முதுகைத் திறக்கிறேன். திட்டுவதை நிறுத்திவிட்டால் நீ முழுசாகப் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது.