ஒரு கோலி குறைவு

கேர் வாலி,
மார்ச் மாதக் கடைசி வெள்ளி.

என் மகள் யாண்டேவுக்கு அப்பா லாதிர் ஜூஃப் எழுதுவது. இங்கே வீடு அமைதி, ஆடுகள் அமைதி, கிணறு அமைதி. உன் அம்மா மட்டும் அமைதியாக இல்லை. உன் ஸ்வீடன் பனியும், நீ வேலை பார்க்கும் இல்லத்தில் குளிப்பாட்டிச் சோறூட்டும் அந்தப் பெரியவர்களும் அமைதியாக இருக்கட்டும்.

ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேனாவைத் தூக்குகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் நீ கூப்பிட்டால் உன் அம்மா சத்தத்தைக் கூட்டி நடு முற்றத்தில் வைத்துவிடுகிறாள். நான் இருமினால்கூட நாலு வீட்டுக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் தங்கை உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கோழி கிளறியது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் வேறு யாராவது சொல்லுவார்கள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டிக்கார அன்சுமானா பாஜி தெருத் தெருவாக சைக்கிள் மிதித்தும் ஒருவர்கூட ரொட்டி வாங்க வெளியே வரவில்லையாம். இரண்டாவது தெருவில்தான் குனிந்து பார்த்திருக்கிறான், சைக்கிளில் மணியைக் காணோம். மணி எங்கே இருந்தது என்றால், நம் ஆட்டுக்கொட்டகைக்குள், ஒரு பாமாயில் தகர டப்பாவுக்குள், நான் கம்பியால் கட்டிவைத்த இடத்தில் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு டப்பா, மாவு மெஷின்காரரிடம் கடன் வாங்கிய மணியோடு. நம் நாட்டில் ஓட்டு என்றால் சீட்டு இல்லை, வேட்பாளர் படம் ஒட்டிய பீப்பாயில் கோலி போட்டு மணியடிக்க வைப்பதுதானே, அதற்காக முதல் டப்பாவில் உன் அம்மாவின் தேர்தல் படத்தை ஒட்டியிருந்தேன். நான் ஒரு கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, அம்மா டப்பாவுக்குள் போடுகிறேன், டிங் என்கிறது. எடுத்து மறுபடி போடுகிறேன், டிங். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அன்சு கொட்டகை வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். எத்தனை நேரம் நின்றானோ.

"செரர், பொண்டாட்டிக்கு ஓட்டுப் போட ஒத்திகை பார்க்கிற ஒரே ஆம்பளை இந்த ஆத்தோட ரெண்டு கரையிலயும் நீதான்டா," என்றான்.

நாம் செரர் இனம், அவன் ஜோலா இனம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேலி முறை. அவன் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வரக்கூடாது, நான் அவனை என் வீட்டு வேலைக்காரன் என்றாலும் அவன் சிரித்துத்தான் ஆகவேண்டும். ஆகவே நான் சிரித்தேன். ஊரில் வயசானவர்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு பொய்யையும் சொல்லிவைத்தேன். அந்தப் பொய் இரண்டு நாளில் உண்மையாகிவிட்டது. உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று டப்பா இரண்டையும் முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது சாயங்காலமானால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வரும் பெண்கள் வரிசையில் நின்று கல் போட்டுப் பழகுகிறார்கள். அன்சு புது மணி வாங்கிவிட்டான். கணக்கில் எழுதிக்கொள் என்றேன், உன் மண்டையில் எழுதுகிறேன் என்றான்.

ஆமாம், அம்மா மறுபடி கவுன்சிலருக்கு நிற்கிறாள். போன முறை தோற்ற அன்றே சொல்லிவிட்டாள், ஐந்து வருஷம் என்ன, ஐந்து விதைப்புதானே என்று. எதிரில் நிற்பது அதே மாலிக் பெரியப்பாதான், என் பெரியப்பா மகன், இப்போதைய கவுன்சிலர். மதகு விஷயமும் அதேதான். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நம் வயலில் தண்ணீர் வடிய ஜனவரி ஆகும், நினைவிருக்கிறதா? இப்போது கடல் ஆற்றுக்குள் ஏறி, ஆறு கழி வாய்க்காலுக்குள் ஏறி, கழி வயலுக்குள் ஏறிவிடுகிறது. கீழ்ப்பக்கத்துப் பாத்திகள் ஏழில் மூன்று உப்பில் வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. மழைக்கு முன்னால் கழி வாயில் ஒரு மதகு கட்டினால் மிச்ச நாலுமாவது பிழைக்கும். மாலிக் அண்ணன் பதினைந்து வருஷமாக அதைக் கட்டிக்கொண்டே இருக்கிறார், வாயால்.

போன வாரம் ஒரு பேர்சூட்டு விழாவில் அண்ணன், உப்பு கிப்பு எல்லாம் பெண்கள் கிளப்பிவிடும் வதந்தி என்று பேசினார். உன் அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, தேயிலை போட்டு, நுரை பொங்க ஆற்றி, முதல் கிளாஸை மரியாதையாக இரண்டு கையாலும் அண்ணனுக்கே நீட்டினாள். தண்ணீர், உப்புக் கழித் தண்ணீர். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, துப்பவும் முடியாது. விழுங்கிவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றார் பாவம். அடுத்த கிளாஸையும் அவருக்கே ஊற்றினாள்.

எல்லாரும் சிரிக்கிறோமே தவிர, யாண்டே, போன முறை அவள் தோற்றது ஒரே ஒரு கோலியில். அவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு, அவளுக்கு நானூற்றுப் பதினொன்று. அவள் வீடு வீடாகக் கணக்கு வைத்திருந்தாள், யார் யார் போடுவார்கள் என்று. ஒரு கோலி இடம் மாறிப் போயிருக்கிறது. அதை இன்றைக்கும் தேடுகிறாள். அன்சு தலையில்தான் அந்தப் பழி. என் கோலியை எங்கே முழுங்கினாய் என்று அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள், அவளும் செரர்தானே, கேட்கலாம். அவனும் சிரிப்பானே தவிர, இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மாலிக் அண்ணன் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வேப்பமரத்தடிக்கு வரச்சொல்லி ஆள் விட்டிருக்கிறார். போன முறையும் அதே மரத்தடிதான். போக வேண்டும். இன்று வெள்ளிதான். செருப்பைத் தேடிக்கொண்டே எழுதுகிறேன். தலைமையாசிரியரின் தங்கை படகுக்குக் கிளம்புகிறாள், மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

உன் அப்பா,
லாதிர் ஜூஃப்


கேர் வாலி,
ஏப்ரல், தேர்தல் முடிந்த மூன்றாம் நாள்.

யாண்டேவுக்கு,

அம்மா ஜெயித்துவிட்டாள். இதை நீ அன்றே ஃபோனில் கேட்டிருப்பாய், பின்னால் கேட்ட கூச்சலில் பாதி அன்சுவுடையது. நானூற்று அறுபத்தாறு, அண்ணனுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நான் எழுத வந்தது ஃபோனில் கேட்காததை.

போன கடிதம் எழுதிய அன்று வேப்பமரத்தடிக்குப் போனேன். தனியாகப் பேசத்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன், ஊர்த்தலைவர், இமாம், இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்சு சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர்களுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் என் தோளில் கைபோட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். உன் மனைவி கும்பா ஃபாய் நல்ல பெண்தான், ஆனால் ஃபாய் வீட்டுப் பெண், நீ ஜூஃப் என்றார். நீ உழுகிற நிலம் என் அப்பா பேரில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே என்றும் சொன்னார், கோபமில்லாமல், மழை வருமா என்று கேட்கிற குரலில். பிறகு,

"ஜூஃப் கோலி ஜூஃப் பீப்பாயில விழணும், தம்பி. போன தடவ மாதிரி," என்றார்.

அவர் கை தோளில் இருக்க, உட்கார்ந்தே சொன்னேன்:

"இந்தத் தடவ விழாதுண்ணே. நிலம் வேணும்னா எடுத்துக்குங்க. உப்போட சேர்த்தே எடுத்துக்குங்க."

இமாம் தாடியைத் தடவினார். அண்ணன் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தக் கனம் போன பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. நிலத்தை இன்னும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிட்டு அன்சுவிடம் ரொட்டி விற்கப் போகிறேன், எனக்கு மணி அடிக்க நன்றாக வருகிறது.

ஆனால் பெரியவர்கள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அன்சு மட்டும் ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். போன தடவை, இந்தத் தடவை என்ற இரண்டு சொல்லையும் அவன் காதில் வாங்கிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு துண்டு ரொட்டியை என் கையில் வைத்து, "தின்னு, செரர். நடுங்குது பாரு," என்றான்.

ஓட்டுப் போடும் நாள் பள்ளிக்கூடத்தைச் சுற்றி சைக்கிளே வரக்கூடாது என்று உத்தரவு, மணிச் சத்தம் குழப்பிவிடும் என்று. அன்சு ரொட்டிக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு, வாயாலேயே டிங் டிங் என்று சொல்லிக்கொண்டு வந்தான், போலீஸ்காரர் அதையும் நிறுத்தச் சொன்னார். நம் பெண்கள் விடியுமுன்பே வரிசை பிடித்துவிட்டார்கள். பழகின கை, ஒருத்திகூட உள்ளே தடுமாறவில்லை. வெளியே நாங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம், டிங், கொஞ்ச நேரம், டிங்.

என் முறை வந்தது. விரலில் மை வைத்து, கோலியைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போனேன். இரண்டு பீப்பாய். ஒன்றில் அண்ணன் படம், தொப்பியோடு. இன்னொன்றில் உன் அம்மா, நீலத் தலைத்துணியில், நான் நேரம் கழித்து வீட்டுக்கு வரும் நாளில் பார்ப்பாளே, அதே பார்வை. எந்தப் பீப்பாயில் போட்டாலும் மணி ஒரே மாதிரிதான் அடிக்கும், யாண்டே. கோலி குழாயில் இறங்கும், மணியைத் தட்டும், அடியில் இருக்கும் மணலில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். வெளியே இருப்பவர்களுக்குப் போட்டாய் என்று தெரியும், எதில் போட்டாய் என்று தெரியாது. நல்ல ஏற்பாடு. பயந்தவனுக்கும் அதுதான் நல்ல ஏற்பாடு. அவள் பீப்பாயில் போட்டேன். அவ்வளவு ஒத்திகை பார்த்தும் குழாய் விளிம்பில் ஒரு தடவை இடித்துவிட்டுத்தான் விழுந்தது.

சாயங்காலம் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பலகையில் கோலிகளைக் கொட்டி எண்ணினார்கள். அம்மாவின் பலகை நிரம்பி, இரண்டாவது பலகை நிரம்பி, அடுத்ததை எடுத்தபோதே பெண்கள் சுரைக்குடுக்கைகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாலிக் அண்ணன் எழுந்து வந்து அம்மாவுக்குக் கை கொடுத்தார். மதகைச் சீக்கிரம் கட்டு, எனக்கு இனிமேல் அந்தத் தேநீர் வேண்டாம் என்றார். பெரிய மனுஷன்தான், அதை மறைக்கக் கூடாது.

அதற்குப் பிறகு நம் முற்றத்தில் ஊரே கூடிக் கடலைக்குழம்புச் சோறு சாப்பிட்டது. அம்மா பெரிய தட்டோடு அன்சு முன்னால் போய் நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாஜி, இந்தத் தடவையாவது கோலி சரியான பீப்பாயில விழுந்துச்சா, இல்ல அதையும் முழுங்கிட்டியா?" என்றாள்.

முற்றம் சிரித்தது. அன்சு என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டை வாங்கிக்கொண்டே, "போன தடவ காலையிலேர்ந்து பட்டினிம்மா. மிட்டாய்னு நெனச்சுட்டேன்," என்றான்.

ஐந்து வருஷம் அவன் இல்லை என்று சொல்லாமல் இருந்தது கேலி முறைக்காக என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அவன் ஆமாம் என்றது எனக்காக. ஊரிலேயே சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அப்படிச் சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் போய் ஆடுகளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நிலத்துக்குப் பயந்தேன், உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. கவுன்சிலர் புருஷன் என்று ஊர் கூப்பிடுமே என்றும் ஒரு ஓரத்தில் கூச்சம் இருந்தது. இப்போது கூப்பிடுகிறார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கூச்சத்துக்காக இரண்டு பாத்தி வயலை உப்புக்குக் கொடுத்தேன், வெளுத்த மூன்றில் இந்த ஐந்து வருஷத்தில் போனது அந்த இரண்டும்தான்.

நாளைக் காலை அம்மா வட்டார மன்றத்துக்குப் போகிறாள். இரண்டு சீசாவில் கழித் தண்ணீர், ஒரு சாக்கில் வெள்ளை பூத்த மண். அங்கே தேநீர் போட அடுப்பு இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மன்றம் பணம் ஒதுக்கினால் மதகு. ஒதுக்கும்வரை சும்மா உட்காருவதாக இல்லை, மழைக்கு முன் கழி வாயில் நாங்களே மண் கரை போடுகிறோம். வீட்டுக்கு ஒரு ஆள் என்று பேசியாகிவிட்டது, நம் வீட்டுக்கு நான். சாக்கைச் சுமக்கப் போவதும் நான்தான். வண்டியில் மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வேறு யாரும் இருக்கமாட்டார்கள். நாளைக்குச் சொல்லிவிடுவேன். மண் கரை போடுவதைவிட அது கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டேன் என்று உனக்குத் தெரியும்வரை நீ ஃபோனில் வாயைத் திறக்காதே, மகளே, அவள் என் வாயால் கேட்கட்டும். அன்சுவுக்கு மட்டும் அங்கிருந்து ஒரு நல்ல சைக்கிள் மணி வாங்கி அனுப்பு, சத்தம் பெரியதாக இருக்கட்டும்.

குளிரில் காதை மூடிக்கொள். நீ பிடித்துத் தூக்குகிற பெரியவர்கள் உன் கையை நம்பட்டும். அந்தக் கை ஒரு நாளும் நடுங்காமல் இருக்க இறைவன் காக்கட்டும்.

உன் அப்பா,
லாதிர் ஜூஃப்,
கவுன்சிலர் புருஷன்

நேற்றுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும்போது அவளிடம் சொல்ல வாய் திறந்து, தண்ணீர் மொண்டு தரவா என்று கேட்டுவிட்டு வந்தேன். சொல்ல நினைத்தது இது: கும்பா, அந்த ஒரு கோலி அன்சு முழுங்கல. நான் போட்டது.