மேலே காத்திருந்த கப்பல்

செமிலிங்,
8.1.2026

அன்பு மகள் வாசுகிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். மாப்பிள்ளை என்ற சொல்லை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கடித உறையை ஒட்டாமல்தான் கலைமகளிடம் கொடுக்கிறேன். உன் தோழிக்கு என்மேல் எவ்வளவு மரியாதை என்று உனக்கே தெரியும். "அங்கிள், நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்லா. ஏடாகூடமா இருந்தா கிழிச்சுப் போட்டுருவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். சரியம்மா என்றேன். முன்பெல்லாம் யாராவது இப்படிப் பேசியிருந்தால் கடைப் படியிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன்.

அம்மா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இருதய வால்வு மிகவும் கெட்டுவிட்டது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி பினாங்கு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இதற்குமேல் தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஆனால் அம்மா சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். மூன்று முறை பாரத்தை நீட்டிவிட்டார்கள், மூன்று முறையும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

காரணம் உன் பால்குடம். அவளுக்கு முதலில் நெஞ்சுவலி வந்தபோது, மூன்று தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நீ நேர்ந்துகொண்டாய். முதல் வருஷம் எடுத்தாய். போன வருஷம் பாதியில் நின்றுவிட்டது. பாதியில் நிற்கிற நேர்த்தியை வைத்துக்கொண்டு கத்திக்குப் படுக்கமாட்டேன் என்கிறாள். குருக்களைக் கேட்டேன். குடும்பத்தில் யார் எடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வார் என்று அவரும் வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். நானே விரதம் இருந்து எடுக்கிறேன் என்றும் சொன்னேன். "நேந்துக்கிட்டது அவ. நிறுத்துனது நீங்க. நீங்க ஊத்துனா அவரு வாங்கிப்பாரா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன வருஷம் நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்துதான் பார்த்திருப்பாய். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நியாயம் கேட்பதற்காகச் சொல்லவில்லை.

நாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பார்ப்போமே, அந்த ஆங்கில யுத்தப் படம், அதிலிருந்துதான் தொடங்கவேண்டும். கடலுக்கு மேலே ஒரு நாசகாரிக் கப்பல், கீழே ஒரு நீர்மூழ்கி, படம் முழுக்க ஒன்று துரத்தும், மற்றது ஒளியும். சுங்கை பட்டாணி இரவுச் சந்தையில், பாசார் மாலாமில் வாங்கிய டிஸ்க். அது தேய்ந்து, பிறகு நீயே கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கொடுத்தாய். நான் நடுநடுவே படத்தை நிறுத்தி, கீழே இருக்கிறவன் இப்போது எந்தப் பக்கம் திரும்புவான் என்று கேட்பேன். எனக்குக் கப்பல் கேப்டன்தான் ஆள். நின்ற இடத்தில் நின்றே எதிரியின் மனசைப் படிப்பாரே, அதில் எனக்கு அப்படி ஒரு மோகம். நீயோ எப்போதும் நீர்மூழ்கியின் கட்சி. "அடியிலேயே சத்தம் போடாம படுத்துக்கணும்ப்பா, மேல இருக்கிறவருக்குச் சலிச்சிப் போயிடும்" என்பாய். எனக்குச் சலிக்காது என்பதை மட்டும் நீ யோசிக்கவில்லை.

நீ ஜெயகுமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன பிறகு நான் அந்தக் கேப்டனாகவே ஆகிவிட்டேன். கடைக்காரன் மகள் எஸ்டேட்டு லயத்துப் பையனோடு போய்விட்டாள் என்று ஊர் பேசியதே, அது எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. கோலா கெத்திலுக்குப் போய் அவன் அப்பா பழனியாண்டியை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். பிறகு உங்களைத் தேட ஆரம்பித்தேன். கூலிமுக்கு வந்தேன், பட்டர்வொர்த்துக்கு வந்தேன், தைப்பிங்குக்கு வந்தேன். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடும். தைப்பிங்கில் கொடியில் துணி ஈரமாகத் தொங்கியது, வீட்டில் ஆள் இல்லை. கொஞ்சத்தில் தப்பிவிட்டார்களே என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன். உன் எண்ணுக்காக அம்மாவின் போனைத் தினமும் எடுத்துத் துழாவினேன். அதனால்தான் நீ அவளிடம் பேசுவதையே நிறுத்தினாய் என்பது பிறகுதான் உறைத்தது.

நீர்மூழ்கி எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் காற்றுக்கு ஒரு முறை மேலே வந்தாக வேண்டும். நீ தைப்பூசத்துக்கு வருவாய் என்று எனக்குத் தெரியும். நேர்த்தியை விடுகிறவள் இல்லை நீ. அதனால் கலைமகளைக் கூப்பிட்டு, நான் அன்றைக்குக் கோயில் பக்கமே வரமாட்டேன், வாசுகி பயப்படாமல் வந்து பாலை ஊற்றட்டும் என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பி உன்னிடம் சொன்னாள். நீயும் நம்பினாய். நான் காலை ஏழு மணிக்கே போய்ச் சுங்கை பட்டாணிக் கோயிலுக்கு முந்தைய திருப்பத்தில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மஞ்சள் சேலையில் குடத்தோடு நீ வந்தாய். உன்னிடம் பேசவேண்டும், அம்மாவிடம் கூட்டிப்போகவேண்டும் என்றெல்லாம் நான் எனக்கே காரணம் சொல்லி வைத்திருந்தேன். அதெல்லாம் பொய். உன்னைப் பார்த்ததும் முதலில் வந்தது, ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான். நீயும் என்னைப் பார்த்துவிட்டாய். பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒரு முகம் தெரியாத அம்மாளிடம் குடத்தைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்துபோனாய்.

அந்த அம்மாள் பெயர் பாப்பம்மா. குடத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "புள்ளத்தாச்சிப் பொண்ணு உங்களப் பாத்துட்டு பேயப் பாத்த மாதிரி ஓடுது. நீங்க என்னய்யா சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நீ உண்டாகியிருக்கிறாய் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குடத்தைக் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் பால் திரிந்துவிட்டது. அம்மா குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்காமல் விட்டதைத்தான் இப்போது ஆஸ்பத்திரிப் பாரத்தில் காட்டுகிறாள்.

போன மாதம் கோலா கெத்திலுக்குப் போய்ப் பழனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். கோப்பி போட்டுக் கொடுத்தார். "அடிச்சத நான் மறந்துட்டேன் முதலாளி. ஆனா உங்களுக்குப் பயந்துக்கிட்டு எம்புள்ள இந்தப் பக்கமே வர்றதில்ல. பேரப்புள்ள மொகத்த நானும் இன்னும் பாக்கல" என்றார். இன்னும் நாலு பேர் முன்னால் என்னைத் திருப்பி அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோப்பியைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மூச்சு வாங்கிப் படுக்க முடியவில்லை. பொழுது போகட்டும் என்று அந்தப் படத்தைப் போட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஒரு கட்டத்தில் மேலே கப்பல் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். கீழே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அசையாமல் இருப்பார்கள். இருமல் வந்த ஒரு சின்னப் பையன் துணியை வாயில் திணித்துக்கொள்வான், அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். அந்த இடத்தில் நான் எப்போதும் மாட்டினான் பார் என்று தொடையைத் தட்டுவேன். அன்றைக்குக் கை எழவில்லை. யாரோ கதவைத் தட்டும்போது நீ உன் குழந்தையின் வாயைப் பொத்துகிறாய் என்று நினைப்பு வந்துவிட்டது. அம்மா, "மேல இருக்கிறவரு ஏங்க இன்னும் வீட்டுக்குப் போகாம இருக்காரு?" என்று கேட்டாள். யுத்தம் பிரேமா, உத்தரவு என்றேன். ஓஹோ என்றாள். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, நம் கடைக்குச் சரக்குப் போடும் லோரிக்காரர் முருகையா வந்தார். போன வருஷம் முழுக்க எனக்குத் துப்புக் கொடுத்தவர் அவர்தான். "மொதலாளி, ஒங்க பொண்ணு குடியிருக்கிற தாமான், வீட்டு நம்பரு எல்லாம் தெரிஞ்சி போச்சி" என்று ஆரம்பித்தார். சொல்லவேண்டாம் என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூட்டையை இறக்கப் போனார். சத்தியமாக எனக்கு உன் ஊர் தெரியாது. இதை நீ நம்பவேண்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. போன வருஷமும் சத்தியம்தானே செய்தேன்.

அதனால்தான் வாசுகி, தைப்பூசத்துக்குச் சுங்கை பட்டாணிக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. எந்த ஊரானாலும் சரி, எந்த முருகன் கோயிலானாலும் சரி, நீ இருக்கும் இடத்திலேயே ஒரு குடம் பால் எடுத்து ஊற்று. பிப்ரவரி ஒன்றாம் தேதி பூசம். விரதத்துக்கு நாள் இருக்கட்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். ஊற்றிவிட்டு அம்மாவுக்கு ஒரு போன் செய். பாலை ஊற்றிவிட்டேன் என்று உன் வாயால் சொன்னால் அவள் கையெழுத்துப் போடுவாள். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டாள். நான் தினமும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை கடையில் இருப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் கருவாடு எடுக்கத் தஞ்சோங் டாவாய்க்குப் போய்விடுவேன். போனைத் திறக்கும் எண்ணை அம்மா மாற்றிவிட்டாள், எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் எண் என் கண்ணில் படாது.

உத்தரவு போட்டே பழகிய வாய் இது. டாக்டரிடம் கெஞ்சினேன், குருக்களிடம் கெஞ்சினேன், உன் அம்மாவின் காலைக்கூடத் தொட்டுவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் உயிர் உன் ஒரு குடம் பாலில் நிற்கிறது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. அவளுக்குத்தான் நாள் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அவன் அப்பாவைப் போய்ப் பார்க்கச் சொல். நான் அந்த எஸ்டேட்டுப் பக்கம் இனிப் போகமாட்டேன்.

குழந்தைக்கு இப்போது ஆறு மாதம் இருக்கும் என்று நானாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆணா பெண்ணா என்று தெரியாது. என்ன பெயர் வைத்தீர்கள் என்றும் தெரியாது. அதை அம்மாவிடம் சொல், எனக்குச் சொல்லலாமா கூடாதா என்பதையும் அவளிடமே சொல்லிவிடு. பெயர் தெரியாமலே ஆசீர்வதிக்கிறேன். பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அழுகை வந்தால் நாலு வீடு கேட்கும்படி வாய்விட்டு அழட்டும். நீ அதைத் தடுக்காதே அம்மா.

உன் அப்பா,
பசுபதி