முதல் பாதியைச் சொல்ல ஆளில்லை

என் ஆசை மச்சாள் ஜூலியற்,

இன்னும் நம்ப முடியவில்லை. நண்டுக் கொம்பனியின் உடுப்பு மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே சரிந்துபோனாய். காலையில் என் அண்ணனோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்த நீ, மத்தியானம் இல்லை. இப்படியும் ஒரு சாவா? அந்த அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நீ யாரையோ ஏசிக்கொண்டு நிற்பாய் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

சரி, செய்தியைக் கேள். நீ அடம்பிடித்து வாங்கித் தந்த சூப்பவைசர் வேலைச் சோதனை நடந்தது. நண்டுச் சதை பிரிக்கிற மேசையிலிருந்து ஒருத்திகூட சூப்பவைசராக வந்ததில்லை, எப்போதும் வெளியூர் ஆள்தான் என்று மனேஜரோடு மல்லுக்கு நின்றாயே, மறந்துபோனாயா? "படிச்சுக் காட்டுங்கோ, வேலையைத் தாறன்" என்று அவரும் சொல்லிவிட்டார். நீ விடுவாயா! வேலை செய்துகொண்டே நாங்கள் செபமாலை சொல்கிற வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாய். மாலை முடிந்ததும் அதே ராகத்தில் பாடத்தின் முதல் பாதியைச் சொல்வாய். "அவிச்ச நண்டை எடுத்தவுடனே..." நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "ஐசிலே வைப்போம், மேசையிலே வையோம், ஆமென்." செபமாலைக்கு வாய் திறக்காத முஸ்லிம் பிள்ளை பரீனாகூட இதற்கு மட்டும் "ஆமீன்" என்பாள். மேசை முழுக்கப் படித்தவர்கள் ஆகிவிட்டோம் என்று எங்களுக்கு எவ்வளவு பெருமை.

சோதிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். ஒவ்வொருவராகக் கந்தோருக்குள் கூப்பிட்டார். முதல் ஆள் நான். மற்றவர்கள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாங்கில் குந்தியிருந்தார்கள்.

"நண்டு அவிச்சு முடிஞ்சுது. அடுத்தது என்ன செய்வீங்கள்?"

மண்டை வெறுமையாகிவிட்டது, ஜூலியற். உன் குரல் வந்தால்தானே என் வாய் திறக்கும்? முதல் பாதி முழுவதும் உன்னோடு போய்விட்டது. தவித்துப்போய் நானே ராகம் போட்டு, "அவிச்ச நண்டை எடுத்தவுடனே..." என்று இழுத்தேன். அவ்வளவுதான். தடுப்புக்கு வெளியே இருந்த அத்தனை பேரும் உரத்த குரலில், "ஐசிலே வைப்போம், மேசையிலே வையோம், ஆமென்!"

மிஸ் கதிரையிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். "என்ன இது? வெளியில நிண்டு சொல்லிக் குடுக்கினமோ?"

"இல்லை மிஸ், எங்கட மச்சாள் இப்பிடித்தான் படிப்பிச்சவ."

"சரி, ஏன் ஐசில வைக்க வேணும்? அதைச் சொல்லுங்கோ."

நான் தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த 'ஏன்' எங்களில் ஒருத்தியிடமும் இல்லை. உன்னிடமாவது இருந்ததா? மிஸ் சோதனையை அத்தோடு நிறுத்தினார். "பாடமாக்கிறது படிப்பில்லை. கேள்வி கேக்கப் பழகுங்கோ, நான் திரும்ப வாறன்" என்றார்.

எனக்கு உன்மேல் கோபமான கோபம். பதிலை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போகிற அவசரம் என்ன உனக்கு? ஆனாலும் மேசையில் ஒரு முடிவு எடுத்தோம். இனி நாளுக்கு ஒருத்தி ஒரு புதுக் கேள்வி கொண்டுவர வேண்டும். பதில் தெரியாவிட்டால் மனேஜரைப் போய்க் கேட்க வேண்டும். வெக்கையில் கிருமி பெருகும், குளிரில் பெருகாது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். பாவம் மனேஜர், எங்களைக் கண்டாலே தலையைச் சொறிகிறார்.

நேற்றுப் பரீனாவின் முறை. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"நண்டு நிலத்துல விழுந்தா என்ன செய்யிறதெண்டு நமக்குத் தெரியும். ஒரு ஆள் விழுந்தா?"

நீ விழுந்த அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சுற்றி நின்றோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஒருத்தி செபமாலையை எடுத்தாள், மற்றவர்கள் பதில் சொன்னோம். மூச்சு நின்ற உன் நெஞ்சை அமத்தி உயிர்ப்பிக்கத் தெரிந்த கை ஒன்றுகூட அங்கே இருக்கவில்லை. அமத்தியிருந்தால் நீ எழும்பியிருப்பாயோ? அதைச் சொல்லவும் எங்களுக்குப் படிப்பில்லை.

எல்லோருமாக மனேஜரிடம் போனோம். நான்தான் கேட்டேன். "எனக்கும் தெரியாது, பிள்ளையள்" என்றார். உடனேயே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார்; வருகிற கிழமை ஒரு நேர்ஸ் வருகிறார். வேலை நேரத்திலேயே நெஞ்சை அமத்த எங்களுக்குப் பழக்கப் போகிறார். மனேஜரும் எங்களோடு நிலத்தில் முழங்காலில் இருந்து பழகவேண்டும் என்று சொல்லிவிட்டேன், ஓம் என்றார்.

சூப்பவைசர் வேலை கிடைக்குமோ, தெரியாது. மிஸ் வரட்டும், 'ஏன்' என்று கேட்கட்டும், படித்துக்கொண்டுதான் இருப்போம். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், ஜூலியற். இனி இந்தக் கொம்பனியில் ஒருத்தி விழுந்தால் நாங்கள் சுற்றி நிற்கமாட்டோம். செபம் சொல்லுகிறவர்கள் சொல்லட்டும், என் கை அவளின் நெஞ்சில் இருக்கும்.

உன் புருசனின் தங்கச்சி,
உன் மச்சாள்,
றெஜினா