பறக்காத கொடி

தம்பி,

நேற்று சாயங்கால மழையில் வீட்டுக் கூரை ஒழுகியது. விரித்துக் கட்ட ஏதாவது வேண்டுமே என்று உன் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்ததை இழுத்தாள். பாச்சை உருண்டை நெடியோடு மெழுகு நூல் வாசனையும் வந்தது. உன் காலேஜ் கொடி. சிவப்பும் மஞ்சளும் வெளுத்திருக்கின்றன. தையல் மட்டும் ஒரு இழை விடவில்லை. என் தையல் அல்லவா, சும்மாவா!

அப்போது நாம் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீ எம்.காம். சேர்ந்திருந்தாய். பத்தாவது கணக்கில் கவிழ்ந்தவனுக்கு எம்.காம். மகன் என்று ஷிப்டு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீயோ ஃபுட்பால் மேட்ச், மேட்ச் என்று அலைந்தாய். ஆடவாவது செய்தாயா? உன் காலில் பட்டால் அது அந்தப் பந்தின் தலைவிதி. கத்துவதற்குத்தான் போனாய்.

திருநெல்வேலிப் பேச்சு போகாத நான், "மேல்படிப்புக்காரனுக்கு இது எதுக்குல?" என்றேன்.

"அதாம்பா விஷயமே. எம்.ஏ., எம்.காம்.னா காலேஜ்ல எங்கள ஆளாவே மதிக்கிறதில்ல. மேட்சுக்குப் போனா, 'அண்ணாத்தே, லைப்ரரி அந்தாண்ட கீது'ன்னு சின்னப் பசங்க நக்கல் பண்றானுங்க. ஃபைனலுக்கு எங்க செட்டு கொடி புடிச்சிகினு போவணும். நீ தச்சிக் குடு."

படிப்பு விஷயத்தில் என்னிடம் கேட்க உனக்கு ஒன்றுமே இருந்ததில்லை. தையல் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பூந்தமல்லிக் கடைத்தெருவில் கடைக்காரர் மெல்லிசுத் துணியாக விரித்துக் காட்டினார். "இது மழை தாங்குமா?" என்று கேட்டு, இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கினேன். ஃபேக்டரியில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற கை. அதற்கு வேறென்ன தெரியும்? இரட்டைத் தையல் போட்டேன். ஓரத்தில் கயிறு வைத்து மடித்தேன். மூலைக்கு ஒரு இரும்பு வளையம்.

ஃபைனல் அன்று ஷிப்டு முடிந்து டிபன் பையோடு வந்து மைதானச் சுவரோரம் நின்றேன். கொடியை மூங்கிலில் கட்டித் தூக்கினீர்கள். நல்ல காற்று. எதிர் காலேஜ் கொடியெல்லாம் படபடக்கிறது. நம்முடையது ஈரப் போர்வை மாதிரி தொங்குகிறது.

"இன்னா மாமே, கொடியா கூடாரமா?"

மைதானமே சிரித்தது. நான் டிபன் பையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா தச்சதுடா!" என்று கத்தினாய். அதற்கும் சிரித்தார்கள்.

பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. ஆட்டம் நிற்கவில்லை. நம் அணி கோல் மேல் கோல் வாங்க, சிரித்தவர்களெல்லாம் வராந்தாவுக்கு ஓடினார்கள். நீ கொடியை அவிழ்த்து, வளையத்துக்கு ஒருவனாகப் பிடிக்கச் சொன்னாய். உன் செட்டு முழுக்க அடியில் புகுந்தது. "நைனா, உள்ள வா!" என்று ஒருவன் என்னையும் இழுத்துக்கொண்டான். ஒரு சொட்டு இறங்கவில்லை.

நீ தொண்டை கிழிய, "யாரு நிக்கிறா?" என்பாய்.

"நாங்க நிக்கிறோம்!"

காலேஜில் ஒரு நாளும் படிக்காத நானும் சேர்ந்து கத்தினேன்.

தோற்றோம். ரயிலில் உனக்குக் குரலே இல்லை. "ஏல, தோத்ததுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டேன். "ஜெயிச்சா கத்தறதுக்கு ஊரே வரும்பா" என்றாய், வெறும் காற்றாக.

அடுத்த கோடையில் மஞ்சள் காமாலை. பரீட்சை முடிவு வருவதற்குள் போய்விட்டாய். பாஸ் என்று வந்தது. ஷிப்டில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு உன் செட்டு கொடியோடு வந்தது. சவப்பெட்டிமேல் விரித்தார்கள். காற்றடித்தும் அது அசையாமல் கிடந்தது. பறக்காத கொடி தைத்ததற்காக அன்று நான் வெட்கப்படவில்லை. ஒரு பையன் "யாரு..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. உன்னை இறக்குமுன் கொடியை மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

இப்போது காட்டுப்பாக்கத்தில் வாடகை வீடு. நேற்று வளையங்களில் கயிறு போட்டு, கட்டிலுக்கு மேலே கொடியை இழுத்துக் கட்டினேன். அம்மாவும் நானும் அடியில் உட்கார்ந்தோம். "ஒரு சொட்டு இறங்கலையே" என்றாள்.

"யாரு நிக்கிறா?" என்று கேட்கிற குரல் உன்னுடையது, தம்பி. அது போய், பதில் மட்டும் என்னிடம் கிடக்கிறது. அவள் காதில் விழாதபடி மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

நாங்க நிக்கிறோம்ல.