கீழ் வீட்டுக் கொடியில் கருப்புத் தூசு

14.8.1994, ஞாயிறு
செந்தூல்

கார்பன் ஃபைபர் என்ற கரிநார்த் தகட்டைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். தகடு விற்றவர் அன்றே சொன்னார். தூசு பறந்தால் நெஞ்சுக்குள் போகும், தோலில் குத்தும் என்றார். இன்று எனக்கு அவசரம். பிரிக்ஃபீல்ட்ஸ் முடிதிருத்தகத்துக்குக் அந்தத் தகட்டில் செய்து கொடுக்க வேண்டிய சவரக்கத்திப் பிடிகளைப் பால்கனியில் நின்று உலர்வாகவே தேய்த்தேன். முகமூடி மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டேன். கீழ் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் கீழ் வீட்டுக் கமலா கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையின் கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"பிள்ள அழுதுகிட்டே இருக்கான் அங்கிள். புது சோப்புத்தூள் ஒத்துக்கல போல. ஆன்டிகிட்ட ஏதும் மருந்து இருக்கா?"

என் மனைவி மருந்து தேட உள்ளே போனாள். கமலா என் கழுத்தில் தொங்கிய முகமூடியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"சளி லா" என்றேன்.

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

மருந்தோடு கீழே போனவள் கொஞ்ச நேரத்தில் எனக்காக இஞ்சி டீ போட்டு எடுத்து வந்தாள். "சூடா குடிங்க அங்கிள்" என்று நின்றாள். இடுப்பில் குழந்தை, கொடியில் காய்ந்த அதே சட்டையில். அதைக் கழற்று என்று சொல்ல வாய் வரவில்லை. டீயை முழுதாகக் குடித்துவிட்டேன்.

இப்போது கீழே மறுபடி அழுகிறான். போய்ச் சொல்ல வேண்டும். டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.